காருக்கு ஒரு மூச்சுச் சாட்சி

புகைக்குழாய்க்குள்ள கம்பியை விட்டு வண்டியைச் சோதிச்ச காலமெல்லாம் மலையேறிப் போச்சுங்க. இது 2041. உங்க டீசல் காரு எவ்வளவு கரி கக்குதுன்னு கவர்மெண்டுக்குத் தெரியணும்னா, இப்போ காரைத் தொடறதே இல்ல. அதுல உட்கார்ந்து போற மனுஷனோட நெஞ்சைப் பார்க்கிறாங்க.

இதுக்கு நாங்களேதான் காரணம், ஒத்துக்கறேன். பழைய டீசல் வண்டி வெச்சிருந்தவங்க பண்ணாத தில்லுமுல்லு இல்ல. டெஸ்ட் அன்னிக்கு மட்டும் டேங்குல ஒரு டப்பா மருந்தை ஊத்தி, வண்டியைச் சாதுவாக்கிக் கொண்டு போவோம். சில பேரு வண்டியையே கொண்டு போறதில்ல. நம்பர் பிளேட்டை போட்டோ புடிச்சு அனுப்பிச்சா சர்டிபிகேட் போனுக்கே வந்துரும். எங்க ஊர்ப்பக்கம் ஒருத்தரு, பேரிச்சம்பழத்துக்குப் போட்டுட்ட வண்டிக்கே நாலு வருஷம் தொடர்ந்து 'புகை நார்மல்'னு வாங்கியிருக்காரு. அது வெளிய வந்த அன்னிக்குத்தான் மேல இருக்கிறவங்களுக்குக் கோவம் வந்து இந்தச் சட்டத்தைக் கொண்டாந்தாங்க.

என் பேரு மோகனசுந்தரம். சம்சாரம் பேரு பூங்கோதை. காங்கேயம், தாராபுரம் பக்கம் 'பூங்கோதை விறகடுப்புச் சமையல்'னு கேட்டுப் பாருங்க, தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. அவளும் கூட ஆறு பொம்பளைங்களும் சமைப்பாங்க. நான் காரு ஓட்டுவேன். ஏழு பேரையும் உள்ள அடைச்சு, மேல கேரியர்ல அண்டாவையெல்லாம் கவுத்துக் கட்டி, இருபத்தாறு வருஷத்து டீசல் காரை மண்டபத்து வாசல்ல கொண்டு போய் நிறுத்தறது என் வேலை. அதோட என் வேலை முடிஞ்சுது. பந்தி முடியற வரைக்கும் கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு கார்லயே தூங்குவேன்.

ஒரு சங்கதி சொன்னா சிரிப்பீங்க. கார் புகைக்கு இத்தனை கெடுபிடி பண்ற அதே கவர்மெண்டு, விறகடுப்புக்குப் பாரம்பரியச் சான்றிதழ்னு ஒண்ணு கொடுத்து, புகை டெஸ்ட்டுல இருந்து விலக்கு கொடுத்திருக்கு. வீடெல்லாம் கரண்டு அடுப்புக்குப் போனதும், வசதியானவங்களுக்கு விறகடுப்புச் சாப்பாடு கவுரவமாப் போச்சு. பந்தியில உட்கார்ந்து 'ஆஹா, அந்தப் புகை வாசம்'னு மோந்து பார்த்துட்டுத்தான் சோத்துல கையை வெப்பாங்க.

போன ஐப்பசியில எனக்கு நோட்டீசு வந்துச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள காரு டெஸ்ட் பாஸ் ஆகணும். ஞாயித்துக்கிழமை முத்தூர்ல ஈஸ்வரமூர்த்தி கவுண்டர் பொண்ணு கல்யாணம், ரெண்டாயிரம் பேரு. காரு போச்சுன்னா அந்தக் கல்யாணம் மட்டுமில்ல, தொழிலே போச்சு. இத்தனை அண்டாவையும் இத்தனை ஆளையும் ஏத்தற மாதிரி புது கரண்டு வண்டி வாங்க நான் எங்கீங்க போறது?

என்ன ஏதுன்னு விசாரிக்க டெஸ்ட் கூடத்துக்குப் போனேன். அங்க தன்ஷிகான்னு ஒரு ஆபீசரம்மா. இருபத்தெட்டு வயசு இருக்கும். மரியாதையான பொண்ணு, ஆனா கறார்.

"ஏனுங்க மேடம், காரு புகை விடுதான்னு பார்க்க ஆளோட நெஞ்சு எதுக்குங்க?"

"குழாயை ஒரு நாளைக்கு ஏமாத்திடலாம் சார். நெஞ்சை ஏமாத்த முடியுமா? அந்த வண்டியில யாரு அதிகமா உட்கார்ந்தாங்களோ, அவங்க உள்ள படிஞ்சிருக்கிற கரியை இந்த மிஷின் எண்ணிடும். அவங்களுக்கு மூச்சுச் சாட்சின்னு பேரு. மூணு நிமிஷம் மாஸ்க்குல மூச்சு விட்டா போதும்."

"எண்ணிட்டு?"

"ஐம்பதுக்குள்ள இருந்தா வண்டிக்கு இன்னும் பத்து வருஷம். ஐம்பதைத் தாண்டினா..." அப்படின்னு ஜன்னலைக் காட்டுச்சு.

பின்னாடி ஒரு நசுக்கற மிஷின் நின்னுட்டிருந்துச்சு. யாரோ ஒருத்தரோட நீலக் காரு உள்ள போச்சு. வெளிய வர்றப்ப அரிசி மூட்டை அளவுல இருந்துச்சு. அதோட சொந்தக்காரரு பக்கத்துல நின்னு மூக்கைச் சிந்தறாரு.

"சாட்சி நீங்கதானே சார்? நீங்கதானே ஓட்டறீங்க?"

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? எனக்கு பீடிப் பழக்கம் உண்டு. முப்பது வருஷத்துக்கு மேலயே உண்டு. கல்யாணத்தன்னிக்கு 'இனித் தொட மாட்டேன்'னு பூங்கோதை கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனவன் நானு. அதுக்கப்புறம் அவ கண்ணு முன்னால ஒரு நாள் குடிச்சதில்ல. மண்டபத்துக்குப் பின்னாடி போய் நின்னு குடிச்சுட்டு, பாக்கை மென்னுட்டு வந்துருவேன். அவளுக்குத் துளி சந்தேகம் வந்ததில்ல. அந்த விசயத்துல நான் கில்லாடின்னு எனக்கு நெம்பப் பெருமை.

இப்போ என் நெஞ்சைத் தொறந்து காட்டினா காரும் போகும், மானமும் போகும்.

"இல்லீங்க மேடம்," அப்படின்னேன். "என் சம்சாரந்தான் அதிகமா உட்காருவா. அவ பேரையே எழுதிக்கங்க."

கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்தப்ப, என் மூளையை நானே மெச்சிக்கிட்டேன். பூங்கோதை பீடியைக் கண்ணால பார்த்தாலே முகத்தைச் சுளிக்கிறவ. அவ நெஞ்சு பச்சைக் கொழந்தை நெஞ்சாட்டம் இருக்கும், மிஷின் கும்பிட்டுப் பாஸ் போட்டுக் கொடுத்துரும்னு எனக்கு அவ்வளவு தைரியம்.

அந்த வாரம் பூரா அவளைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கிட்டேன். பஞ்சு மில்லுல வேலை செஞ்சவங்க சொல்லுவாங்க, நாட்டுச் சர்க்கரை தின்னா நெஞ்சுத் தூசி எறங்கிரும்னு. காலையில ஒரு உருண்டை, ராத்திரி ஒரு உருண்டை. நொச்சித்தழை போட்டு ஆவி புடிக்க வெச்சேன். கொசுவத்தியை அணைச்சுப் போட்டேன், ரெண்டு பேரும் விடிய விடியச் சொறிஞ்சோம். சாமிக்கு ஊதுபத்தி கூடாதுன்னுட்டேன். பக்கத்து வீட்டுக்காரரு சருகைக் கூட்டித் தீ வெக்கப் போனாரு, அவருகூட மல்லுக்கு நின்னு தண்ணியை ஊத்தி அணைச்சேன். வெள்ளிக்கிழமை காலையில காரைச் சுத்திச் சாம்பிராணி போட வந்தவகிட்ட இருந்து தூபக்காலையே புடுங்கிட்டேன்.

"ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? வண்டி நல்லபடியா பாஸ் ஆகட்டும்னுதானே போடறேன்?"

"புகை, அம்மிணி! உன் நெஞ்சுக்குள்ள போயிரும்!"

அவ இருமிக்கிட்டே சிரிச்சா. அதே வாரத்துல அவ ரெண்டு விசேசத்துக்குச் சமைச்சா. செவ்வாக்கெழமை ஒரு காதுகுத்து, வியாழக்கெழமை ஒரு வளைகாப்பு. ரெண்டுக்கும் நான்தான் கூட்டிட்டுப் போய் மண்டபத்துல விட்டேன். விட்டுட்டு, வழியில லாரிப் புகை பட்டுரக்கூடாதுன்னு கார் கண்ணாடியெல்லாம் சரியா ஏறுதான்னு பார்த்துட்டிருந்தேன். இப்போ நெனைச்சா என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம்னு இருக்கு. அப்போ தோணலீங்க. சத்தியமாத் தோணல.

டெஸ்ட் கூடத்துல பூங்கோதையை நாற்காலியில உட்கார வெச்சு மாஸ்க்கை மாட்டினாங்க. மூணு நிமிஷம். நடுவுல ரெண்டு தடவை இருமினா. மிஷின் கொஞ்ச நேரம் உறுமிட்டு, கல்யாண மண்டபத்து மைக்குல பேசற மாதிரி நயமா ஒரு குரல்ல சொல்லுச்சு:

"தங்கள் மூச்சுக்கு நன்றி. கரி எண் இருநூற்றுப் பன்னிரண்டு."

ஆபீசரம்மா திரையைத் தட்டிப் பார்த்துச்சு. மிஷினைத் தட்டிப் பார்த்துச்சு. அப்புறம் என்னைப் பார்த்துச்சு.

"சார், லாரி டிரைவருங்களுக்கே இவ்வளவு வந்து நான் பார்த்ததில்ல."

"மிஷின் ரிப்பேருங்க மேடம்! அவ பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்ல."

"இருங்க, பிரிச்சுப் பார்க்கறேன். இது எந்தப் புகை எவ்வளவுன்னு தனித்தனியாச் சொல்லும்." ரெண்டு பட்டனை அழுத்துச்சு. "டீசல் ஏழு. அவ்வளவுதான். உங்க காரு தங்கமான காரு சார்."

நான் துள்ளிக் குதிக்கப் போனேன்.

"மீதி இருநூத்தி அஞ்சும் விறகு."

எனக்கு முதல்ல புரியலீங்க. "விறகா? எந்த விறகு?"

"'விறகடுப்புச் சமையல்'னு உங்க கார் கதவுல எழுதியிருக்கே சார், அந்த விறகு," அப்படின்னுச்சு.

பூங்கோதை மாஸ்க்கைக் கழட்டிட்டு, முந்தானையில முகத்தைத் தொடைச்சா. அவளுக்கு ஆச்சரியமே இல்ல. "அடுப்புப் புகைங்களா மேடம்? அது எப்பவும் போறதுதானுங்க," அப்படின்னா, மழை பெஞ்சுதுன்னு சொல்ற மாதிரி.

சரி, காரு ஏழுதானே, பாஸ் போட்டுக் கொடுங்கன்னு கேட்டேன். அங்கதான் சட்டம் குறுக்க வந்துச்சு. ஒரு சாட்சியோட நெஞ்சுல மொத்தம் நூத்துக்கு மேல கரி இருந்தா, அந்தச் சாட்சி செல்லாதாம். மத்த புகை டீசலை மறைச்சிருமாம். வேற யாராவது அந்தக் காருல வழக்கமாப் போறவங்க வரணும். அஞ்சு மணிக்குள்ள.

மணி மூணு. பூங்கோதையே போன் போட்டா. கூடச் சமைக்கிற ஆறு பேரும் ஒரு ஷேர் ஆட்டோவைப் புடிச்சு, கறி நறுக்கின கையோட வந்து எறங்கினாங்க. கலாமணி முதல்ல உட்கார்ந்தா. நூத்தி எம்பத்தி நாலு. தங்கள் மூச்சு ஏற்கப்படவில்லை. ரேவதி, நூத்தி நாப்பத்தாறு. ஏற்கப்படவில்லை. அடுத்தவ, அதுக்கடுத்தவ, அதுக்கும் அடுத்தவ. கடைசியாப் போன வருஷம் சேர்ந்த புள்ளை, அதுக்கு முப்பது வயசு முடியல. நூத்தி மூணு. மிஷின் ஒவ்வொருத்திக்கும் நயமா நன்றி சொல்லி, நாக்கை நீட்டற மாதிரி ஒரு சிவப்பு ஸ்டிக்கரைத் துப்புச்சு. ஏழு நெஞ்சு, ஏழு ஸ்டிக்கர்.

முதல்ல அவங்க ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ணிட்டுத்தான் இருந்தாங்க. "ஏன்டி, நீ மட்டும் நூத்தி எம்பத்தி நாலு, வடையெல்லாம் நீயே போட்டியா?"ன்னு. அந்தச் சின்னப் புள்ளைக்கு நூத்தி மூணுன்னதும் யாரும் சிரிக்கல.

"இது எறங்குமுங்களா மேடம்?" கலாமணி கேட்டா.

"புகையை விட்டுத் தள்ளி இருந்தா கொஞ்சம் கொஞ்சமா எறங்கும்க்கா. இருக்காட்டி ஏறும். டாக்டரைப் பார்க்கணும், எல்லாரும்." ஆபீசரம்மா பூங்கோதை பக்கம் திரும்புச்சு. "நீங்க நாளைக்கே பார்க்கணும்மா. வாசனை தெரியுதுங்களா உங்களுக்கு?"

"அது போயி ஏழெட்டு வருஷம் ஆச்சுங்க," அப்படின்னா பூங்கோதை. "உப்பு காரம் நாக்குல பார்த்துக்குவேன். வாசத்தைக் கலாமணி சொல்லுவா."

ஏழெட்டு வருஷம். கூடவே படுத்து எந்திரிக்கிறேன், எனக்குத் தெரியாது. நான் பாக்கு மென்னு கில்லாடித்தனம் பண்ணிட்டிருந்ததா நெனைச்சேன். அவளுக்கு மூக்கே இல்லாமப் போயிருந்திருக்கு. வெக்கமா இருந்துச்சு. பயமாவும் இருந்துச்சு.

மணி நாலே முக்கால். ஜன்னலுக்கு வெளிய நசுக்கற மிஷின்காரன் எங்க காரைப் பார்த்துக் கையைத் தொடைச்சுக்கிட்டு நின்னான். ஆபீசரம்மா என்னைப் பார்த்துச்சு.

"சார், இன்னும் ஒரே ஒருத்தர்தான் பாக்கி."

எல்லாப் பொம்பளைங்களும் என்னைப் பார்த்தாங்க. நான் தரையைப் பார்த்தேன்.

"மேடம், நான் வேண்டாங்க."

"ஏனுங்க?" பூங்கோதை கேட்டா. "உட்காருங்க. நீங்கதான் அடுப்புப் பக்கமே வர்றதில்லையே."

அவ குத்திக் காட்டிச் சொல்லலீங்க. உள்ளதைச் சொன்னா. அதுதான் இன்னும் மோசமா இருந்துச்சு.

"அம்மிணி," அப்படின்னேன். "நான் பீடி குடிக்கிறேன். விடவே இல்ல. உனக்குச் சத்தியம் பண்ணுன மறுநாள்ல இருந்து குடிக்கிறேன். என் நெஞ்சு தெரிஞ்சுரும்னுதான் உன் பேரை எழுதிக் கொடுத்தேன்."

பூங்கோதை என்னை ஏற எறங்கப் பார்த்தா. திட்டுவான்னு நெனைச்சேன். அவ நாற்காலியைக் கையால தட்டினா.

"அதை வீட்டுல போய்ப் பேசிக்கலாம். மொதல்ல உட்காருங்க. காரு போயிரும்."

உட்கார்ந்தேன். மாஸ்க்குல நாட்டுச் சர்க்கரை வாசம் லேசா இருந்துச்சு. மூணு நிமிஷம் மூணு வருஷமாட்டம் போச்சு.

"தங்கள் மூச்சுக்கு நன்றி. கரி எண் நாற்பத்தொன்று. டீசல் எட்டு. பீடி முப்பத்து மூன்று. சாட்சி ஏற்கப்பட்டது. வாகனம் தகுதி பெற்றது."

நாப்பத்தொண்ணு. மிஷின்ல மூச்சு விட்ட எட்டுப் பேருல என் நெஞ்சுதான் சுத்தம். திருட்டுத்தனமா முப்பது வருஷம் குடிச்சவனுக்கு நாப்பத்தொண்ணு. சத்தியம் தவறாம எல்லாருக்கும் சோறாக்கிப் போட்டவளுக்கு இருநூத்திப் பன்னெண்டு.

"காரு பாஸ் சார்," அப்படின்னு ஆபீசரம்மா பச்சை ஸ்டிக்கரை நீட்டுச்சு. எனக்குக் கை நீட்டவே தோணல. அழுகை வந்துருச்சுங்க. ஆம்பளை அழுகறானேன்னு அந்த நசுக்கற மிஷின்காரன்கூட வேடிக்கை பார்த்தான், பார்க்கட்டும்.

"பீடியும் கெடுதல்தான் சார், விட்டுருங்க," அப்படின்னுச்சு அந்தப் பொண்ணு. விட்டுட்டேன்னு சொன்னேன். அந்தத் தடவை பூங்கோதை கையில அடிச்சுச் சத்தியம் பண்ணல, பண்ண எனக்குத் தைரியம் இல்ல.

பூங்கோதை அதுக்குள்ள மேஜை மேல கெடந்த ஏழு சிவப்பு ஸ்டிக்கரையும் பார்த்துட்டிருந்தா.

"இதை என்ன பண்ணுவீங்க மேடம்?"

"அதான் எனக்கும் தெரியலம்மா. புகை எதுல இருந்து வருதோ அது மேல ஒட்டணும்னு சட்டம். எப்பவும், கெடு முடியற வரைக்கும் கார் கண்ணாடியில ஒட்டி வெப்போம். உங்க காருதான் பாஸ் ஆயிருச்சே. நம்பர் போட்ட ஸ்டிக்கர், தூக்கியும் போட முடியாது."

"ஒட்டுனா என்ன ஆகும்?"

"ஒட்டினதை, மறுபடி டெஸ்ட் பாஸ் ஆகற வரைக்கும் யாரும் பத்த வெக்கக் கூடாது. கிழிச்சா மூணு மாசம் உள்ள."

"அடுப்புக்குத்தான் டெஸ்ட் இல்லீங்களே. பாரம்பரியம்னு விலக்கு இருக்குங்களே."

ஆபீசரம்மா முகத்துல மெதுவா ஒரு சிரிப்பு வந்துச்சு. "டெஸ்ட்டுல இருந்துதாம்மா விலக்கு. ஸ்டிக்கர்ல இருந்து விலக்குன்னு எங்கயும் எழுதலையே."

"அப்போ குடுங்க," அப்படின்னா பூங்கோதை. ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்துப் போட்டு, ஏழையும் எண்ணி வாங்கி, மடியில சொருகிக்கிட்டா.

ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடி முத்தூர் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சமையக்கட்டுல ஈஸ்வரமூர்த்தி கவுண்டர் ஏழு கோட்டை அடுப்பு கட்டி, மஞ்சப் பூசி, குங்குமம் வெச்சு, வேல விறகைக் கட்டுக் கட்டா அடுக்கியிருந்தாரு. வீடியோக்காரங்க ரெண்டு பேரு முதல் நெருப்பைப் படம் புடிக்கக் காத்துட்டிருந்தாங்க. பூங்கோதை போனா. அடுப்புக்கு ஒண்ணா ஏழு ஸ்டிக்கரையும் நிதானமா ஒட்டினா, பொண்ணுக்குப் பொட்டு வெக்கற மாதிரி நடு நெத்தியில. மத்த ஆறு பேரும் கையைக் கட்டிக்கிட்டு வரிசையா நின்னாங்க.

கவுண்டர் பட்டு வேட்டியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஓடி வந்தாரு.

"ஏனுங்க மோகனசுந்தரம், என்னங்க இது? கவர்மெண்டு முத்திரையெல்லாம் இருக்குது? பத்து மணிக்கு முகூர்த்தம், ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்தாச்சு! என்னதானுங்க ஆச்சு?"

"அடுப்பு டெஸ்ட்டுல ஃபெயில் ஆயிருச்சுங்க," அப்படின்னேன்.

"அடுப்பா? காருக்குத்தானே டெஸ்ட்டுன்னு சொன்னீங்க?"

"காரு பாஸுங்க. அதுல கேஸ் அடுப்பும் சிலிண்டரும் கொண்டாந்திருக்கேன், ருசி ஒண்ணும் குறையாது. சும்மா நிக்காம நீங்களும் ஒரு கை புடிங்க, எறக்கலாம்."